நாற்காலியும் ஆயுளும்

தமிழர் இந்நகருக்கு வந்து குடியேறிய வரலாற்றை எழுதப் புகுவோர் சென்னை மெயிலைப் பற்றி எழுதுவர். ஊரிலிருந்து கொண்டுவந்த கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்னரே வந்தமர்ந்த உறவினரின் அறையைத் தேடி அலைந்த இளைஞரைப் பற்றி எழுதுவர். ஒரே அறையில் எண்மர் படுத்துறங்கி, மெஸ்ஸில் உண்டு, மாத முதல் வாரத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்பிய நாட்களைப் பற்றி எழுதுவர். இவையெல்லாம் எழுதத்தக்கவையே. ஆனால் நாற்காலியைப் பற்றி எழுதியவர் அரியர்.

மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் செம்பூருக்கும் நம் முன்னோரில் பலரை அழைத்து வந்தது நாற்காலியே. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்று, ஆங்கிலத்தில் பிழையின்றிக் கடிதம் வரையத் தெரிந்த இளைஞனுக்குக் கோட்டைப் பகுதிக் கம்பெனிகளிலும் ரயில்வே அலுவலகங்களிலும் வங்கிகளிலும் ஓர் இருக்கை காத்திருந்தது. வெயிலில் நில்லாமல், சேற்றில் இறங்காமல், உட்கார்ந்தபடி ஊதியம் பெறுவது ஒரு குடும்பமே தலைநிமிர்வதற்கு உரிய பேறாக அந்நாளில் கருதப்பட்டது. பெண் கொடுப்போர் முதலில் வினவியதும் அதனைத்தான். எல்லாருமே இருக்கையை நாடி வந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வந்தவர்கள் நின்றும் குனிந்தும் சுமந்தும் உழைத்தவர்கள். அவர்களும் தம் மக்களுக்கு வேண்டிக்கொண்டது ஒரு நாற்காலியையே; அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறார்கள்.

அந்த நாற்காலிக்கு மனித உடல் கொடுக்கும் விலை என்ன என்பதை மருத்துவ உலகம் எண்ணிக் கணக்கிட்டு அறிந்த வரலாறு, ஏறத்தாழ எழுபது ஆண்டு வரலாறே ஆகும். அதனைக் கண்டு சொன்னவர்கள் மருத்துவர்கள். ஆனால் தம் உடலால் காட்டிக் கொடுத்தவர்களோ பஸ் நடத்துநர்களும், தபால்காரர்களும், துறைமுகத் தொழிலாளரும், நம்மையொத்த குமாஸ்தாக்களும் ஆவர். நம் நாடும் அவ்வரலாற்றில் இரண்டு இடங்களில் வருகிறது.

முன்னோர் இதனை அறியாதிருந்தார்கள் என்று கூறுவது பொருந்தாது. நீரிழிவை உள்ளடக்கிய பிரமேகம் என்னும் நோய்க்குக் காரணம் கூற வந்த சரக சம்ஹிதை, இருக்கைச் சுகத்தையும் உறக்கச் சுகத்தையும் முதற்கண் வைத்து, தயிர் முதலிய உணவுகளை அவற்றின் பின்னரே சொல்கிறது. சுசுருதர் உடற்பயிற்சியைப் போற்றியதோடு நில்லாமல், ஒருவன் தன் வலிமையில் பாதியளவே அதில் செலவிட வேண்டும் என்று வரம்பும் கட்டினார். திருக்குறளின் மருந்து அதிகாரம் பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசுவதாக நாம் எண்ணுகிறோம். அதன் முதற் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், மிகுதலும் குறைதலும் உணவுக்கு மட்டுமன்றிச் செயலுக்கும் உரியவை என்று கொண்டார். உரையாசிரியரின் அந்த ஒரு சொல்லைப் பள்ளியில் நமக்கு யாரும் நிறுத்திக் காட்டியதில்லை.

மேலை நாட்டில் இதனைத் தொழிலோடு பொருத்திப் பார்த்த முதற் பெருமருத்துவர் இத்தாலி நாட்டின் பெர்னார்தினோ ராமஸ்ஸினி. நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டிய வினாக்களோடு, 'நீர் என்ன தொழில் செய்கிறீர்?' என்பதையும் சேர்க்கவேண்டும் என்று சொன்னவர் அவர். தொழிலாளரின் நோய்களைப் பற்றிய அவருடைய நூல் 1700இல் மொதேனா நகரில் வெளிவந்தது. தையற்காரரும் செருப்புத் தைப்போரும் போல அமர்ந்தே தொழில் செய்வோருக்கு வரும் கேடுகளை அதில் விரித்துரைத்து, ஓய்வு நாளிலாவது அவர்கள் உடலை அசைக்க வேண்டும் என்றார். 1713இல் வந்த இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றியும் ஒரு பகுதி சேர்ந்தது. ஓயாது அமர்ந்திருத்தல், கை ஒரே விதமாக இடைவிடாது அசைதல், பிழை நேர்ந்துவிடுமோ என்னும் மனக்கவலை ஆகிய மூன்றும் எழுத்தரை நலிவிக்கின்றன என்று அவர் கண்டார். முந்நூறு ஆண்டுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த ஒரு கணக்கரின் முதுகு வலியை இவ்வளவு பரிவோடு எண்ணிப் பார்த்த மருத்துவரை நம்மவர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

ஆயினும் சரகரும் ராமஸ்ஸினியும் கூறியவை கூரிய கண்ணுடையோர் கண்டு சொன்னவை. எண்ணிப் பார்த்துச் சொல்லும் காலம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே வந்தது.

அப்போது இங்கிலாந்தில் நடுவயது ஆடவர் மாரடைப்பால் திடீரென்று மாள்வது பெருகிக்கொண்டிருந்தது. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. 1948இல் சமூக மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று அங்குத் தொடங்கப்பட்டது. அதனை நடத்தியவர் ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவர். 1910இல் பிறந்து கிளாஸ்கோ நகரின் எளிய தெருக்களில் வளர்ந்தவர். போர்க்காலத்தில் இராணுவ மருத்துவராக இந்தியாவில் பணியாற்றியவர். தொழிலுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று ஐயுற்ற அவர், லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியரை ஆராயத் தொடங்கினார்.

ஏன் பஸ் ஊழியர்? இங்குத்தான் அவருடைய நுண்ணறிவு விளங்குகிறது. செல்வரையும் வறியவரையும் ஒப்பிட்டால் உணவு வேறு, வீடு வேறு, கவலை வேறு. எதனால் எது வந்தது என்று பிரித்தறிய முடியாது. ஆனால் லண்டன் மாடி பஸ்ஸில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில், ஒரே புகையை உட்கொண்டு வேலை செய்பவர்கள். அவர்கள் பெறும் ஊதியமும், வாழும் தெருக்களும், உண்ணும் உணவும் ஏறத்தாழ ஒன்றே. கண்ணுக்குத் தெரியும் பெரிய வேறுபாடு ஒன்றுதான். ஓட்டுநர் வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அமர்ந்திருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுப்பதற்காக மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் ஏறுவார். (நம் பெஸ்ட் நிறுவனத்தின் பழைய மாடி வண்டிகளில் மேல்தட்டுக்கு ஒரு நடத்துநர், கீழ்த்தட்டுக்கு ஒரு நடத்துநர் என இருவர் இருந்தமை அன்பர்களுக்கு நினைவிருக்கும். மாரிஸ் இங்கு வந்து ஆராய்ந்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைத்திராது!)

1949, 1950 ஆகிய ஆண்டுகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 31,000 ஆடவரின் நோய்க் கணக்குகள் திரட்டப்பட்டன. ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் ஓட்டுநருக்கு 2.7 என்ற அளவிலும், நடத்துநருக்கு 1.9 என்ற அளவிலும் இதய நோய் கண்டது. நோய் கண்ட உடனேயோ மூன்று மாதத்துக்குள்ளோ மாண்டவரைக் கணக்கிட்டால் வேறுபாடு இன்னும் பெரிது. ஓட்டுநரிடையே அது ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. மாரிஸ் இதனைக் கண்டு துள்ளிக் குதித்து அச்சேற்றிவிடவில்லை. தற்செயலாகவும் இருக்கலாமே என்று அஞ்சி, அஞ்சல் துறையின் கணக்கு வரும்வரை பொறுத்திருந்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டு சேர்க்கும் தபால்காரர் ஒரு புறம். அமர்ந்து வேலை செய்யும் எழுத்தர்களும் தொலைபேசி இணைப்போரும் மறு புறம். அங்கும் அதே கதைதான். அதன் பின்னரே, 1953 நவம்பரில், 'லான்செட்' இதழில் அக்கட்டுரை வெளிவந்தது.

மறுப்புகள் உடனே எழுந்தன. ஓட்டுநருக்குத் தெரு நெரிசலால் மனப் பதற்றம் மிகுதி, அதுவே காரணமாகலாம் என்றனர் சிலர். வேறு சிலர் இன்னும் ஆழமான வினாவை எழுப்பினர். பருத்த உடலும் சோம்பல் இயல்பும் உடையவன் தானே விரும்பி ஓட்டுநர் வேலையைத் தேர்ந்துகொண்டிருக்கலாம் அன்றோ? அவ்வாறாயின் வேலை நோயைத் தரவில்லை. நோய்க்கு உரிய உடலே வேலையைத் தேடிக்கொண்டது என்றல்லவா ஆகும்? இதற்கு விடை காண மாரிஸும் அவர் குழுவினரும் சென்ற இடம் வியப்புக்குரியது. போக்குவரத்துக் கழகம் ஊழியருக்குச் சீருடை தைத்துக் கொடுத்து வந்தது. ஒவ்வொருவரின் கால்சட்டை இடுப்பளவும் பேரேட்டில் பதிவாகியிருந்தது. அப்பேரேட்டை எடுத்து ஆராய்ந்து 1956இல் முடிவை வெளியிட்டனர். ஓட்டுநரின் இடுப்பளவு நடத்துநரினும் பெரிது. அதுவும் இளம் வயதிலேயே பெரிது. அஃதாவது, மறுத்தவர் கூறியதில் ஓரளவு உண்மை இருந்தது. தம் கொள்கைக்குப் பாதகமான அதனைத் தாமே தேடிக் கண்டு, தாமே அச்சிட்டது அக்குழு. மாரிஸின் பெருமைக்கு முதற் கட்டுரையைவிட இக்கால்சட்டைக் கட்டுரையையே நாம் சான்றாகக் காட்டுவோம்.

வேலையால் வந்த வேறுபாட்டை இதற்குமேல் பிரிக்க இயலாது என்று கண்டபின், அவர் எல்லாரும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டார். அவர்கள் அரசாங்க அலுவலர்கள். 1968 முதல் 1970 வரை, 40 முதல் 64 வயது வரையுள்ள 16,882 ஆடவரிடம், ஒரு திங்கட்கிழமைக் காலையில், சென்ற வெள்ளியும் சனியும் ஓய்வு நேரத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதி வாங்கப்பட்டது. 1973இல் முடிவு வந்தது. மூச்சு வாங்கும்படி உடலை வருத்தி ஏதேனும் செய்தவருக்கு, ஏனையோரைவிடப் பாதிக்கும் குறைவாகவே இதய நோய் கண்டிருந்தது. பஸ் நடத்துநரைப் பற்றிய செய்தி நமக்கு எவ்வளவு சுவையாயிருப்பினும், நம்மைத் தொடும் செய்தி இதுவே. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் அமர்ந்தே தீரவேண்டியவன், அதனாலேயே தண்டனைக்கு உரியவன் ஆகிவிடுவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தாவுக்கு அருகே, ஹூக்ளி ஆற்றங்கரையில் செங்கைல் என்னும் ஊரில் ஒரு சணல் ஆலை உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உணவியல் அறிஞர் ஜீன் மேயர், இந்திய ஆராய்ச்சியாளர் இருவருடன் சேர்ந்து அவ்வாலையைச் சார்ந்த 213 ஆடவரின் உணவையும் எடையையும் உழைப்பையும் அளந்து 1956இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாள் முழுதும் கடையில் அமர்ந்திருக்கும் வணிகர், மேற்பார்வையாளர், குமாஸ்தாக்கள் தொடங்கி, மூட்டை சுமப்போர் வரை அதில் இடம்பெற்றனர். உழைப்பு மிகமிகப் பசியும் மிகும் என்பது யாவரும் அறிந்தது. இலேசான வேலையிலிருந்து கடுமையான வேலைவரை அதுவே அங்கும் காணப்பட்டது. ஆனால் அறவே அசையாதவரிடம் அந்த ஒழுங்கு முறிந்தது. அமர்ந்தே இருந்தவர்கள், இலேசான வேலை செய்தவரைவிடக் குறைவாக அல்ல, மிகுதியாக உண்டனர். எடையும் அவர்களுக்கே மிகுதி. உடல் ஓரளவேனும் அசைந்தால்தான் பசி என்னும் தராசின் முள் நேராக நிற்கிறது போலும்! உலகெங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படும் இவ்வாராய்ச்சி ஒரு வங்காள ஆலையில் பிறந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்?

இரண்டாம் செய்தி தென்னாட்டவராகிய நம்மை நேரே சுட்டுவது. மருத்துவர் மல்ஹோத்ரா என்பார் இந்திய ரயில்வே ஊழியரின் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்து 1967இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். ஒரே ரயில்வே, ஒத்த வேலைகள். ஆனால் இதய நோயால் இறப்போர் விகிதம் பஞ்சாபியரைவிடத் தென்னிந்தியரிடையே ஏழு மடங்காக இருந்தது. பஞ்சாபியரோ வெண்ணெயும் நெய்யும் நம்மைவிடப் பன்மடங்கு உண்பவர்கள்! மல்ஹோத்ரா அதற்கு உணவில் சேரும் கொழுப்பின் வகையைக் காரணமாகக் கூறினார். அதனைப் பிறர் முழுதும் ஏற்கவில்லை. நாமும் இங்கு அவ்வழக்கில் தீர்ப்புக் கூறப் புகவில்லை. ஆனால் நாற்காலியின் விலையைக் கணக்கிடும்போது, நம்மவரின் இதயம் ஏற்கெனவே கடனோடு தொடங்குவது என்பதை மறத்தல் ஆகாது. 2014இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வொன்று தமிழ்நாடும் மகாராட்டிரமும் உள்ளிட்ட நான்கு இடங்களில் 14,000க்கு மேற்பட்டோரை ஆராய்ந்தது; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், 54.4 விழுக்காட்டினர், போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் விளையாட்டோ பயிற்சியோ செய்தவர் பத்தில் ஒருவர்கூட இலர். பிறந்த மண்ணும் புகுந்த மண்ணும் இவ்வகையில் ஒன்றுபட்டிருக்கின்றன.

அமெரிக்காவில் இவ்வாராய்ச்சியை வளர்த்தவர் ரால்ஃப் பாஃபென்பார்கர். சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, கடுஞ்சுமை தூக்கியவரிடையே மாரடைப்புச் சாவு ஏனையோரில் ஏறத்தாழ பாதியே என்று 1975இல் காட்டினார். பின்னர் ஹார்வர்டில் பயின்று வெளியேறிய ஏறத்தாழ 17,000 பேரை ஆராய்ந்து, வாரந்தோறும் நடை, படி, விளையாட்டு ஆகியவற்றால் 2,000 கலோரிக்கு மேல் செலவிடுவோருக்கு இறப்பு விகிதம் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை குறைவு என 1986இல் உரைத்தார். ஆயுளில் அது கூட்டியது ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குச் சற்று மேல். அம்முடிவைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தவரல்லர் அவர். நடுவயதில் ஓடத் தொடங்கி நெடுந்தொலைவுப் பந்தயங்கள் பலவற்றை ஓடி முடித்தார்.

இவ்வளவும் ஆடவர் கணக்கு. பெண்டிரை எண்ணிப் பார்க்க ஆராய்ச்சியாளருக்கு நெடுங்காலம் தோன்றவில்லை. 1999இல்தான், அமெரிக்கச் செவிலியர் 72,488 பேரைத் தொடர்ந்து கண்காணித்து, வாரத்தில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் விரைந்து நடந்த பெண்களுக்கு இதய நோய் 30 முதல் 40 விழுக்காடு குறைவு என்று கண்டனர். நம் இல்லங்களில் இதன் முன்கதை வேறு. ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணற்றுக் கயிறும் நம் பாட்டிமாரை அசைத்துக்கொண்டே இருந்தன. 1955இல் கோயம்புத்தூரில் மாவரைக்கும் மின்பொறி பிறந்தது. பின்னர் மிக்ஸி வந்தது. 'அந்தக் காலத்தில் அவர்கள் கல்லில் அரைத்தார்கள், நோயின்றி இருந்தார்கள்' என்று மேடையில் பேசும் ஆடவரை நாம் பார்த்திருக்கிறோம். அவ்வாறு பேசுவோர் தாமே ஒரு படி அரிசியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவது நலம். அக்கல்லை விட்டு விடுதலை பெற்றது பெண்குலத்தின் உரிமை. அது விட்டுச்சென்ற அசைவின் இடத்தில் நடக்க ஒரு தெருவும் நேரமும் குடும்பம் அவர்களுக்குக் கொடுத்ததா என்பதுதான் வினா.

எவ்வளவு நடந்தால் போதும்? நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்று யாவரும் கூறுகின்றனர். இவ்வெண் மருத்துவ நூலிலிருந்து வந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு, 1965இல், ஜப்பானியக் கம்பெனி ஒன்று விற்ற அடியெண்ணும் கருவிக்கு வைத்த பெயரே 'பத்தாயிரம் அடி அளவி' என்பது. 2019இல் சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களின் அடிகளை எண்ணிப் பார்த்தபோது, நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவரைவிட 4,400 அடி நடந்தவரிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவாயிருந்தது. 7,500 அடிக்கு மேல் பயன் பெரிதாக உயரவில்லை. தைவானில் நாலு லட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கணக்கில், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிட மிதமான உடற்பயிற்சியே சராசரியாக மூன்றாண்டு ஆயுளோடு சேர்ந்து காணப்பட்டது. கோட்டையிலிறங்கி அலுவலகத்துக்கு நடந்தும், தாதர் நிலையத்து மேம்பாலப் படிகளை நாள்தோறும் ஏறியிறங்கியும் காலம் கழித்த நம் தந்தையர் அறியாமலே ஒரு நடத்துநரின் வாழ்வை வாழ்ந்தார்கள் என்பது நம் ஊகம். வாசலில் வாடகை வண்டி வந்து நிற்கும் இந்நாளில் அந்த ஊகம் நமக்கு உவப்பளிப்பதன்று.

உடற்பயிற்சி வேறு, உட்காராமை வேறு. காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டுப் பகல் முழுதும் அசையாதிருப்பவன் நிலை என்ன? பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரின் கணக்குகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் அமர்வோருக்கு நேரும் மிகைக் கேட்டை, நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிட உடலசைவு ஏறத்தாழ நீக்கிவிடுகிறது. அதற்குக் குறைந்தால் கேடு குறையுமேயன்றி முற்றும் நீங்காது.

எவ்வாறு அமர்கிறோம் என்பதும் பொருட்டாகலாம். தான்சானியா நாட்டின் ஹட்சா என்னும் வேட்டுவ மக்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் ஓய்ந்தே இருக்கின்றனர். நம் குமாஸ்தாக்களுக்குக் குறைந்தவரல்லர்! ஆனால் அவர்கள் குந்தியும் மண்டியிட்டும் தரையில் அமர்கின்றனர். அந்நிலையில் காலின் தசைகள் நாற்காலியிற்போல் உறங்கிவிடுவதில்லை என்று 2020இல் அளந்து கண்டனர். பிரேசிலில், 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் சொல்லி மதிப்பெண் இட்டனர். கையையும் முழங்காலையும் ஊன்றாமல் எழ முடிந்தவர் அடுத்த சில ஆண்டுகளில் மாள்வது மிகக் குறைவாகவும், பலவாறு ஊன்றி எழுந்தவர் மாள்வது மிகுதியாகவும் இருந்ததென 2012இல் எழுதினர். எழ முடியாமை நலிவின் அடையாளமே தவிர அதன் காரணம் என்று கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும் நம் காலனியில் பாயும் மணையும் போய் உணவு மேசை வந்த நாளிலிருந்து, தரையில் அமர்ந்து எழுதல் கல்யாணப் பந்தியில்கூட இல்லாமற்போயிற்று. ஒரு நாளில் பன்முறை அறியாமல் செய்துவந்த பயிற்சி அது.

உறக்கத்தின் வரலாறு தனி வரலாறு. மாரிஸின் கட்டுரை வந்த அதே 1953இல், சிகாகோவில் நத்தானியல் கிளைட்மனின் ஆய்வுக்கூடத்தில், உறங்குவோரின் கண்கள் சில வேளைகளில் மூடிய இமைக்குள் விரைந்தோடுவது கண்டறியப்பட்டது. உறக்கம் வெறும் அணைந்த விளக்கன்று என்பதை உலகம் உணர்ந்தது அதனால்தான். கிளைட்மன் 1938இல் மாணவர் ஒருவருடன் கென்டக்கியின் பெருங்குகையில் 32 நாள் தங்கி, நாளை 28 மணி நேரமாக நீட்ட உடல் இசையுமா என்று தம்மையே சோதித்தவர். அவர் 104 வயது வரை வாழ்ந்தார் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை.

எவ்வளவு உறங்கவேண்டும் என்னும் வினாவுக்கு எட்டு மணி என்று விடையிறுப்பது நம் வழக்கம். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் திரட்டிய கணக்கு 1964இல் வெளிவந்தபோது, மிகக் குறைந்த இறப்பு ஏழு மணி நேரம் உறங்கியவரிடையே காணப்பட்டது. 2002இல் வேறு 11 லட்சம் பேரின் கணக்கும் அதனையே கூறியது. குறைவாக உறங்கியவர் மட்டுமல்லர், மிகுதியாக உறங்கியவரும் முன்னதாக மாண்டனர். நெடிய உறக்கம் உள்ளே மறைந்த நோயின் விளைவாகலாம். ஆகவே எட்டு மணி உறங்குவோர் அஞ்சி அலாரம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. குறைந்த உறக்கத்தின் கணக்கோ அத்துணை மெல்லியதன்று. லண்டன் அரசாங்க அலுவலரைத் தொடர்ந்த மற்றோர் ஆய்வு 2007இல் கண்டது இது: ஏழு மணி உறக்கத்தை ஐந்தாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துக்கொண்டவருக்கு இதய, இரத்தக்குழாய் நோய்ச் சாவு ஏறத்தாழ இரு மடங்கு.

டோம்பிவிலியிலிருந்தும் அம்பர்நாத்திலிருந்தும் நாலரை மணிக்கு எழுந்து லோக்கல் பிடிப்போரும், அமெரிக்கப் பகலுக்காக இந்திய இரவில் விழித்திருக்கும் நம் பிள்ளைகளும் இதனை வேடிக்கையாகப் படிக்க இயலாது. அவர்களின் உறக்கம் சோம்பலால் குறைந்ததன்று; வாடகையும் தொலைவும் வேலை நேரமும் அதனை வாங்கிக்கொண்டன. அவர்களுக்கு உரிய செய்தி ஒன்று பிரிட்டனில் 3,80,055 பேரை ஆராய்ந்து 2021இல் வந்தது. உறக்கம் கெட்டு, உடலசைவும் இல்லாதவரிடையே இறப்பு மிகுதி. உறக்கம் கெட்டவராயினும் போதிய அளவு உடலை இயக்கியவரிடம் அக்கேட்டில் பெரும்பகுதி காணப்படவில்லை. இருத்தல், இயங்கல், உறங்கல் மூன்றையும் தனித்தனியே எண்ணிய காலம் போய், இருபத்துநான்கு மணி நேரத்தையும் ஒரே கணக்காகப் பார்க்கும் காலம் இதனோடு தொடங்கிவிட்டது எனலாம்.

மாரிஸும் பாஃபென்பார்கரும் 1996இல் உடற்பயிற்சி அறிவியலுக்கான முதல் ஒலிம்பிக் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். மாரிஸ் 2009இல், நூறு நிறைய ஓராண்டும் இல்லாத நிலையில், மறைந்தார். அவர் ஆராய்ந்த தொழில் அவருக்கு முன்னரே மறைந்துவிட்டது. 2005 டிசம்பரில் பழைய 'ரூட்மாஸ்டர்' மாடி வண்டிகள் லண்டனின் வழக்கமான தடங்களிலிருந்து விலக்கப்பட்டன. படியேறி டிக்கெட் கொடுத்த நடத்துநரும் அவற்றோடு சென்றார். நம் நகரின் பழைய சிவப்பு மாடி வண்டிகளும் 2023 செப்டம்பரில் ஓய்வு பெற்றன. ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டு நோக்கிய அவ்வாராய்ச்சியை இனி லண்டனில் யாரும் திரும்பச் செய்ய முடியாது. வண்டியில் எஞ்சியிருப்பவர் ஓட்டுநர் ஒருவரே.